65 மி.மீ. எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விதிப்படி இல்லாத நம்பர் பிளேட்டுகளைப் பிடித்து அபராதம் போடுவது பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தில் ஒரு வாசகர், "சொந்தக் காசில் வண்டி வாங்கியவன் எழுத்தைக் கொஞ்சம் அழகாகப் போட்டுக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டு எழுதியிருந்தார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆட்களில் நானும் ஒருவன். திண்டிவனத்தில் நாற்பது வருடமாக நம்பர் பிளேட் எழுதிப் பிழைத்தவன் நான். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1983இல், பதினேழு வயதில், ஒரு ஆர்ட்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் பிரஷ் கழுவுவதும் தகரத்துக்கு உப்புத்தாள் போடுவதும்தான் வேலை. அப்புறம் சாக்பீஸ் தடவிய நூலைப் பிடித்து இழுத்துக் கோடு போட விட்டார்கள். எழுத்து எழுத இரண்டு வருடம் ஆனது. என் மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. நம்பர் எழுதி முடித்ததும் பிரஷைக் கீழே வைக்கச் சொல்வார். "ரோட்டைத் தாண்டிப் போய் நின்னு படிச்சுட்டு வா" என்பார். நான் எழுதியதை நானே எதிர்ச் சாரியில் நின்று படிக்க வேண்டும். எழுதியவனுக்கு அது என்ன நம்பர் என்று தெரியும் அல்லவா, அதனால் சரியாகத்தான் படிப்பேன். அவர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். போகிற வருகிற ஆள் யாரையாவது நிறுத்தி, "அண்ணே, அந்த நம்பர் என்ன?" என்று கேட்பார். அந்த ஆள் தடுமாறினால் தகடு மறுபடியும் டர்பன்டைனுக்குப் போகும்.

1989இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தன. பழைய மூன்றெழுத்து நம்பர்கள் போய், டி.என். என்று தொடங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் எண்ணோடு வரும் நம்பர்கள் வந்தன. அந்தச் சமயத்தில் எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கு, காட்டப் போன ஒரு லாரியை, வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த லாரிக்கு நம்பர் எழுதியது எங்கள் கடை. மேஸ்திரியும் நானும் போய் நின்றோம். இன்ஸ்பெக்டர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, எழுத்தின் மேல் வைத்துக் காட்டினார். உயரம் 65 மி.மீ. இருக்க வேண்டும், சரியாக இருந்தது. தடிமன் 10 மி.மீ., அதுவும் சரி. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி வேண்டும். நாங்கள் விட்டிருந்தது 6. "இதுல என்ன சார் இருக்கு" என்று லாரி டிரைவர் கேட்டார். அந்த அதிகாரி கோபப்படவில்லை. "தம்பி, நீ பக்கத்துல நிக்கிற. ஓடுற வண்டிய ஒருத்தன் எங்கேருந்து பார்ப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மேஸ்திரி தகரத்தில் அச்சு வெட்டினார். காருக்கும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒன்று. பைக்கின் பின்பக்க எழுத்துக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று, முன்பக்கத்துக்கு ஒன்று. அந்த அச்சுகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. ஓரம் துருப்பிடித்திருக்கிறது, அளவு மாறவில்லை.

இந்த அளவை எல்லாம் யாரோ ஆபீஸில் உட்கார்ந்து தோன்றியபடி போட்டுவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கையால் எழுதிப் பார்த்தவனுக்குத்தான் அதன் காரணம் தெரியும். தடிமன் கூடினால் 8இன் இரண்டு ஓட்டையும் அடைபடும், 6இன் வாய் மூடும். தூரத்தில் இரண்டும் ஒரே கருப்புக் கட்டிதான். தடிமன் குறைந்தால் வெயிலில் எழுத்தின் நடு உடல் கரைந்துவிடும், 7 என்பது 1 ஆகத் தெரியும். இடைவெளி குறைந்தால் இரண்டு 1 சேர்ந்து ஒரு பட்டை ஆகிவிடும். எழுத்து சாய்ந்தால் ஓடுகிற வண்டியில் இன்னும் சாய்ந்து தெரியும். இதற்காகத்தான் பதிவு எண்ணின் வரிசை எழுத்துகளில் ஐ, ஓ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கொடுப்பதே இல்லை. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்று அந்த எழுத்துகளையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு கவனமாகக் கொடுத்த எண்ணை வாங்கிவந்து, 8055 என்பதை 'பாஸ்' (BOSS) என்று படிக்கும்படி எழுதித் தரச் சொல்வார்கள். எண் எழுத்தாகிவிட்டால் அதை எண் என்று யார் படிப்பார்கள்?

அப்படிக் கேட்டவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை மறைத்து இந்தக் கடிதத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டிக்கர் கட்டிங் மெஷின் எங்கள் ஊருக்கு வந்தபோது கையால் எழுதும் வேலை பாதியாகக் குறைந்தது. கம்ப்யூட்டரில் நூறு விதமான எழுத்து இருந்தது. பையன்கள் வந்து, "அண்ணே, அந்தக் கடையில வளைச்சு வளைச்சுப் போடுறாங்க, உங்களால முடியாதா?" என்பார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு ரோஷம் விடவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், வருமானமும் வேண்டும். நானும் 3ஐ முடிச்சுப் போட்டேன், 6க்கு வாலை நீட்டினேன், 4இன் தலையைக் கூராக்கினேன். என் கை நன்றாக ஓடும் என்பதால் அது அழகாகவும் இருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். மேஸ்திரி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ரோட்டைத் தாண்டி நிற்கச் சொல்லியிருப்பார்.

2023 மார்கழியில் ஒரு விடியற்காலை. என் தங்கை கணவர் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஐந்து மணி ஆகவில்லை, லேசான பனி. பின்னால் வந்த ஒரு சின்ன சரக்கு வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது. நின்று பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் ஒருவரும், வாக்கிங் போன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் ஓடி வந்தார்கள். இரண்டு பேருமே வண்டியைப் பார்த்தவர்கள். ஆசிரியர் வண்டியின் பின்னாலேயே இருபதடி ஓடியும் பார்த்திருக்கிறார். ஜிப்மருக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது 47.

டீக்கடைக்காரர் சொன்னது டி.என். 16. ஆசிரியர் சொன்னது டி.என். 18. பதினாறு என்றால் எங்கள் திண்டிவனம். பதினெட்டு என்றால் செங்குன்றம். சிசிடிவி பார்த்த ஒரு போலீஸ்காரருக்கு 19 மாதிரியும் தெரிந்தது, அது செங்கல்பட்டு. கடைசி நான்கு எண்ணில் இரண்டாவது 3 என்றார் ஒருவர், 8 என்றார் இன்னொருவர். பெட்ரோல் பங்க் கேமராவில் வண்டி தெரிகிறது, தார்ப்பாயின் நிறம்கூடத் தெரிகிறது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல்தான். பிளேட்டுக்கு மேலே எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை. காவல் நிலையத்தில் பாடுபட்டார்கள், அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மூன்று ஊர் எண், இரண்டு விதமான இலக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, கிடைத்த வண்டிகளை எல்லாம் தேடிப் போனார்கள். கடைசியில், வாகனம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதி முடித்தார்கள்.

ஆசிரியர் என் வீட்டுக்கு வந்து ஒரு தாளில் அந்த எழுத்து எப்படி இருந்தது என்று வரைந்து காட்டினார். தன் கண்ணில் குறை இல்லை என்று எங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. தாளைப் பார்த்தேன். 3க்கு நடுவில் ஒரு முடிச்சு. 6க்கு மேலே வளைந்து உள்ளே திரும்பும் வால். அதைப் போடத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன். அந்த வண்டிக்கு எழுதியது நான்தான் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. தங்கை "அண்ணே, சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டு வந்தபோது அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் அது என்னிடம்தான் இருக்கிறது.

இப்போது அந்த வாசகரின் கேள்விக்கு வருகிறேன். யாருக்கு என்ன நஷ்டம்? கணக்காகவே சொல்லலாம்.

இடித்த வண்டி எது என்று தெரிந்திருந்தால், என் தங்கை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கலாம். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். வக்கீல் ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மாத வருமானம் 15,000 ரூபாய். சொந்தத் தொழில், வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே என்பதால், பிற்காலத்தில் வருமானம் கூடியிருக்கும் என்று 25 சதவீதம் சேர்ப்பார்கள். அது 18,750. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரை நம்பி இருந்ததால், அவர் தன் செலவுக்கு எடுத்திருப்பது மூன்றில் ஒரு பங்கு என்று கழிப்பார்கள். மிச்சம் 12,500. வருடத்துக்கு ஒன்றரை லட்சம். 46 முதல் 50 வயது வரை உள்ளவர்களுக்கு அதை 13ஆல் பெருக்க வேண்டும். 19,50,000 ரூபாய். ஈமச்சடங்கு செலவு போன்றவை தனி. 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த கணக்கு முறை இது.

வண்டி தெரியவில்லை என்றால் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. இடித்துவிட்டு ஓடிய வண்டிக்கென்று அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. இறந்தால் 2 லட்சம் ரூபாய், பலத்த காயம் என்றால் 50,000 ரூபாய். இதுவும் 2022 ஏப்ரல் 1 முதல்தான். அதற்கு முன்னால் இறப்புக்கு 25,000, காயத்துக்கு 12,500. வருவாய்த் துறை அதிகாரியிடம் மனுக் கொடுத்து அலைந்து அந்த 2 லட்சத்தை வாங்கினோம். பணம் வந்த அன்று தங்கை ஒன்றும் பேசவில்லை. மூத்த பெண் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். பையன் பத்தாவது.

இரண்டு தொகைக்கும் நடுவே பதினேழரை லட்சம் ரூபாய் இருக்கிறது. நாற்பது ரூபாய் எழுத்து வேலையில் ஒரு 3ஐ முடிச்சுப் போட்டதால் போன பணம் அது.

சட்டம் இதைப் பற்றித் தெளிவாகத்தான் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50வது விதி நம்பரை எப்படிக் காட்ட வேண்டும் என்றும், 51வது விதி என்ன அளவில் எழுத வேண்டும் என்றும் சொல்கின்றன. அலங்கார எழுத்து கூடாது. வேறு பெயரோ படமோ நம்பர் பிளேட்டில் இருக்கக் கூடாது. சொந்த வண்டிக்கு வெள்ளையில் கருப்பு, வாடகை வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் மஞ்சளில் கருப்பு. மின்சார வண்டிக்குப் பச்சைப் பலகை. 105வது விதி பின் நம்பருக்கு வெள்ளை விளக்கு வேண்டும் என்கிறது. பதினைந்து மீட்டர் தூரத்தில் நின்றால் அந்த வெளிச்சத்தில் நம்பரைப் படிக்க முடிய வேண்டும். அந்த ஆசிரியர் அதைவிடப் பக்கத்தில் நின்றவர்.

விளக்கு விஷயத்தை யாரும் கவனிப்பதே இல்லை. ஹெட்லைட் எரியவில்லை என்றால் ஓட்டுகிறவனுக்கு வழி தெரியாது, உடனே மாற்றிவிடுவான். நம்பர் பிளேட் விளக்கு எரியாவிட்டால் அவனுக்கு ஒரு சிரமமும் இல்லை. அதனால் ஒரு பல்பு போனால் போனதுதான். ராத்திரி பைபாஸில் நின்று பாருங்கள், பத்துச் சரக்கு வண்டி போனால் எத்தனைக்கு அந்த விளக்கு எரிகிறது என்று.

2019 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகையைக் கம்பெனியே கொடுக்கிறது. நல்ல பலகை அது. அலுமினியத் தகட்டில் எழுத்தை அழுத்தி எழுப்பியிருப்பார்கள், மூலையில் அசோகச் சக்கரம் பதித்த ஹோலோகிராம், லேசரில் பொறித்த தனி எண், ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டிய பூட்டு. எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி எழுத்து. எங்கள் தொழிலை அது பெரும்பாலும் முடித்துவைத்தது. ஆனாலும் அதைப் பார்க்கும்போது மேஸ்திரி எழுதியதுபோலவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். 2001லேயே இதற்கு விதி வந்துவிட்டது. வழக்கு மேல் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போய், எல்லா வண்டிக்கும் ஷோரூமிலேயே வருவதற்கு பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது.

வந்த பிறகு என்ன செய்கிறார்கள்? பூட்டை உடைத்து எடுத்து வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிய பிளேட்டை மாட்டுகிறார்கள். "ஒரிஜினல் கீறல் விழுந்துடும்ணே" என்று என்னிடமே ஒரு பையன் சொன்னான். பின்பக்க மட்கார்டைக் கழற்றிவிட்டுத் தகட்டை வானத்தைப் பார்க்க மடக்கிவிடுகிறார்கள். மேலே ஒரு புகைக்கறுப்புக் கண்ணாடி மாட்டுகிறார்கள். சரக்கு வண்டிகளில் மணல், சேறு, தொங்கும் கயிறு. கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரின் டிரெய்லருக்கு நம்பர் இருந்தே நான் பார்த்தது குறைவு. டிரெய்லருக்கும் தனி நம்பர் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. ராத்திரியில் கரும்பு டிரெய்லர் பின்னால் போனவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

தப்பான ஆளுக்குத் தண்டனை போவதும் இதிலேதான் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவருக்கு ஹெல்மெட் போடவில்லை என்று செல்போனில் அபராத நோட்டீஸ் வந்தது. எங்கோ ஒரு பைக்கின் நம்பரில் ஓர் எழுத்தைக் கேமரா மாற்றிப் படித்திருக்க வேண்டும். அது தன் வண்டி இல்லை என்று நிரூபிக்க அவருக்கு மூன்று நாள் ஓட்டம் போனது. மூன்று நாள் சவாரி இல்லை.

தமிழில் எழுதுவது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கே மனவருத்தம் உண்டு. நான் பாங்க் படிவத்திலும் தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் பக்கத்துத் தமிழய்யா ஒருவர், தன் ஸ்கூட்டருக்கு தமிழ் எழுத்திலும் தமிழ் எண்ணிலும் நம்பர் எழுதித் தரச் சொன்னார். விதி ஆங்கில எழுத்தும் இப்போது எல்லோரும் எழுதும் எண்ணும்தான் வேண்டும் என்கிறது என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தமிழ்நாட்டுல தமிழ் கூடாதா?" என்றார். நான் ஒரு தாளில் ௭ என்று எழுதி, கடைக்கு வந்திருந்த நான்கு பேரிடம் காட்டினேன். நான்கு பேருமே தமிழர்கள். ஒருவருக்கும் அது ஏழு என்று தெரியவில்லை. அப்புறம் கேட்டேன்: "ஐயா, ராத்திரி பைபாஸில் உங்களை ஒரு வண்டி தள்ளிவிட்டுப் போனா, அதைப் பார்க்கிறவன் ஆந்திரா லாரிக்காரனா இருக்கலாம், பீகார்லேருந்து வந்த கொத்தனாரா இருக்கலாம். அவன் படிச்சுச் சொல்ல வேண்டாமா?" அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நம்பரை விதிப்படி எழுதினேன். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில், கால் வைக்கும் இடத்துக்கு மேலே, ஒரு குறளை என் கையால் எழுதிக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

நம்பர் பிளேட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பிடிக்கிறார்கள். சென்னையில் 2024 மே 2 முதல் போக்குவரத்துக் காவல்துறை அப்படி ஒரு நடவடிக்கையைத் தொடங்கியது, வரவேற்கிறேன். அந்தக் கவனம் எழுத்தின் அளவுக்கும் விளக்குக்கும் மடக்கிய தகட்டுக்கும் வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 177வது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. ஆனால் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அதே பிளேட்டோடு அனுப்பிவிட்டால் என்ன பயன்? சரியான பிளேட்டை மாட்டிக் காட்டிய பிறகு வண்டியைக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். எஃப்.சி. காட்ட வரும் சரக்கு வண்டிகளை அந்தக் காலத்து அதிகாரி மாதிரி ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும், எழுத்து தேய்ந்திருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு பல்பு எரிகிறதா என்று குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஸ்டிக்கர் கடைத் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, உங்கள் வயதில் நானும் அதைத்தான் செய்தேன். நீங்கள் வெட்டிக் கொடுப்பதை அதிகாரி வந்து பார்ப்பதற்கு முன்னால் நீங்களே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள். உங்களுக்கு நம்பர் தெரியும் என்பதால் வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமல் நம்பர் வெட்டிக் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டிக்கு நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்த கடைக்காரர்களை எனக்குத் தெரியும். யாராவது உயர் பாதுகாப்புப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றால், அதையே திரும்ப மாட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள். உங்களுக்கு ஒரு வேலை போகும்தான். பெயர்ப்பலகை இருக்கிறது, கடை போர்டு இருக்கிறது, கல்யாண மேடை இருக்கிறது, உங்கள் வளைந்த எழுத்துக்கு இடம் நிறைய இருக்கிறது.

நான் இப்போது லாரி, வேன்களின் இரண்டு பக்க உடம்பிலும் எழுத வேண்டிய நம்பரையும், டிரெய்லர் நம்பரையும் மட்டும்தான் எழுதுகிறேன். அலங்கார எழுத்து எழுதுவதில்லை. முன்னால் நான் அப்படி எழுதிக் கொடுத்த வண்டி எதுவும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், ஆர்.சி.யோடு என்னிடம் கொண்டு வரச் சொல்கிறேன். அழித்துவிட்டு, புதிய பலகைக்கு எப்படி, எங்கே விண்ணப்பிப்பது என்று கூடவே வந்து காட்டுகிறேன். இதுவரை ஏழு வண்டி வந்திருக்கிறது.

நாளிதழ் ஆசிரியர் அவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். விதியில் உள்ள அளவுகளைக் கீழே தருகிறேன், உயரம், தடிமன், இடைவெளி என்ற வரிசையில், எல்லாம் மில்லிமீட்டரில். கார், லாரி, பஸ் முதலான மற்ற வண்டிகள் எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் 65, 10, 10. 500 சிசிக்கு மேல் உள்ள மூன்று சக்கர வண்டிக்கு 40, 7, 5. 500 சிசி வரை உள்ளதற்கு 35, 7, 5. பைக்கின் பின்பக்கம் எழுத்துக்கு 35, 7, 5, எண்ணுக்கு 40, 7, 5. பைக்கின் முன்பக்கம் இரண்டுக்குமே 30, 5, 5. 70 சிசிக்குக் குறைந்த மொபெட்டின் முன்பக்கம் மட்டும் 15, 2.5, 2.5. இதைக் கட்டம் கட்டிப் போட்டால் கடைக்காரர்கள் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் உள்ள கடைகளுக்கு நானே கொண்டுபோய் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நம்பர் பிளேட் எழுதும் ஒரு வாசகர்,
திண்டிவனம்.